தண்ணீரிடம் பாடியவள்

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டு மாடி டேங்க் ஒரு வாரம் முழுக்கக் காலியாகிக்கொண்டே இருந்தது. காலையில் மோட்டார் போட்டு, மேலிருந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா சுவிட்சை அணைப்பாள். பதினோரு மணிக்குள் குழாயில் வெறும் காற்று வரும். அப்பா பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கேயும் கசிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தானாகவே சரியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

அப்போது என் பெரியம்மா மகள் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயது. டேங்க் ஏன் காலியானது என்பதை அக்கா பதினான்கு வருடம் கழித்து, போன டிசம்பரில், 'ரைட் யுவர் வேவ்' என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தை நாங்கள் இருவரும் பார்த்து முடித்த இரவில் சொன்னாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரப் படம்தான்.

2019 ஜூனில் ஜப்பானில் வெளியானது. இயக்கியவர் மசாகி யுவாசா. எழுதியவர் ரெய்கோ யோஷிதா. தயாரித்தது, யுவாசாவும் யூன்யங் சோயும் 2013இல் தொடங்கிய சயின்ஸ் சாரு ஸ்டூடியோ. உலகம் முழுக்க இது 'ரைட் யுவர் வேவ்' என்ற ஆங்கிலப் பெயரில்தான் சுற்றியது. 'உன் அலையில் நீ ஏறு' என்று சொல்லலாம். ஆனால் ஜப்பானில் வைத்த பெயர் வேறு: 'கிமி தோ, நாமி நி நொரேதாரா'. 'உன்னோடு, அலையில் ஏற முடிந்தால்' என்று தமிழில் வரும். வாக்கியம் முடியவில்லை பாருங்கள். முடிந்தால் என்ன ஆகும் என்று பெயர் சொல்வதில்லை. 'உன்னோடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு கால்புள்ளியும் இருக்கிறது. உன்னோடு என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நின்று, அப்புறம் மீதியைச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் கதை முழுவதும் அந்தக் கால்புள்ளி இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. ஒருத்தி ஜப்பானியப் பெயரில் தொடங்கி ஆங்கிலப் பெயருக்கு வந்து சேர்கிறாள். வந்து சேர அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அவள் பெயர் ஹினாகோ. கல்லூரியில் படிக்க ஒரு கடலோர ஊருக்கு வருகிறாள். டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாநிலம், பசிபிக் பக்கம். சர்ஃபிங் என்றால் அவளுக்கு உயிர். அலைமேல் பலகையில் நிற்கும்போது அவளைப் போல ஒருத்தி இல்லை. தரையில் கால் வைத்துவிட்டால் எல்லாவற்றிலும் தடுமாற்றம். சமைக்கத் தெரியாது, வீட்டில் சாமான்கள் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. பக்கத்தில் சில பையன்கள் அனுமதியில்லாமல் வாணவேடிக்கை விட, அவள் இருக்கும் கட்டடத்தில் தீப்பிடிக்கிறது. மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டவளைக் காப்பாற்றிக் கீழே இறக்கும் தீயணைப்பு வீரன் மினாதோ. அவன் அவளை ஏற்கெனவே பார்த்திருக்கிறான், கடலில், அலைமேல். அவள்தான் தன் நாயகி என்று நினைத்து வைத்திருக்கிறான்.

மினாதோ என்றால் ஜப்பானிய மொழியில் துறைமுகம். ஹினாகோவின் குடும்பப் பெயரில் தண்ணீர் இருக்கிறது. முகாய்மிசு: தண்ணீரைப் பார்த்து நிற்பது என்று விரித்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பார்த்து நிற்பவளும் துறைமுகமும். பெயரிலேயே கதையைச் சொல்லிவிட்டார்கள்.

காதல் பகுதி மிக வேகமாகப் போகிறது. அவள் அவனுக்கு அலையேறக் கற்றுக்கொடுக்கிறாள். அவன் அவளுக்குச் சமைத்துக்கொடுக்கிறான். கடற்கரையில் காபி போட்டுக் குடிக்கிறார்கள். இதையெல்லாம் ஒரே பாட்டில் கோத்துக் காட்டுகிறார் யுவாசா. பாட்டின் பெயர் 'பிராண்ட் நியூ ஸ்டோரி'. ஜெனரேஷன்ஸ் ஃபிரம் எக்ஸைல் டிரைப் என்ற குழுவின் பாட்டு. மினாதோவுக்குக் குரல் கொடுத்த ரியோதா கதாயோசே அந்தக் குழுவின் பாடகர்தான். ஆனால் இந்த இடத்தில் அந்தக் குழு பாடுவது கேட்காது. ஹினாகோவும் மினாதோவும் பாடுகிறார்கள். சுருதி விலகுகிறது. ஒருவர் வரியை மறந்ததும் இன்னொருவர் சிரித்துவிடுகிறார். நடுவில் பேச்சு புகுந்துவிடுகிறது. படத்துக்காக ஒத்திகை பார்த்துப் பாடிய மாதிரியே இல்லை. யாரோ இரண்டு பேர் காரில் போகும்போது பாடியதைப் பின்சீட்டில் இருந்து நாம் கேட்பது போல இருக்கிறது. காதல் காட்சிகள் ஆயிரம் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது இந்தச் சிரிப்பில்தான்.

அப்புறம் கிறிஸ்துமஸ் வருகிறது. ஜப்பானில் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் சர்ச்சுக்குப் போகும் நாளாக இல்லை. அது காதலர்களின் நாள். முந்தைய இரவில் ஜோடியாக வெளியே போவார்கள், விளக்கு அலங்காரம் பார்ப்பார்கள், கேக் வெட்டுவார்கள். அந்தப் பருவத்தில், குளிர்காலக் கடலுக்கு மினாதோ தனியாகப் போகிறான். தண்ணீரில் தத்தளித்த ஒருவரைக் காப்பாற்றப் போய் இறந்துவிடுகிறான். படம் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. பெரிய இசை இல்லை, கதறல் இல்லை. போன காட்சியில் இருந்தவன் இந்தக் காட்சியில் இல்லை, அவ்வளவுதான். உண்மையில் யாராவது இறந்த செய்தி வரும்போதும் அப்படித்தானே வருகிறது. நாம் வேறு ஏதோ வேலையில் இருப்போம்.

ஹினாகோ கடல் தெரியாத இடத்துக்கு வீடு மாறுகிறாள். பலகையைத் தொடுவதில்லை. ஒருநாள் தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள். எதிரே டம்ளரில் இருக்கும் தண்ணீருக்குள் மினாதோ தெரிகிறான்.

அவள் பாடினால் அவன் வருவான். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே வருவான். டம்ளரில், பாட்டிலில், கழிப்பறைக் கோப்பையில்கூட. அவளுக்கு மட்டும்தான் தெரிவான். அவள் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். டால்பின் மாதிரி இருக்கும் கடற்பன்றியின் வடிவத்தில் ஒரு பெரிய காற்றடைத்த பொம்மை இருக்கிறது. அதற்குள் தண்ணீரை நிரப்பி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள். கூட்டத்தின் நடுவில் அதோடு பேசுகிறாள், பாடுகிறாள், சிரிக்கிறாள். பார்ப்பவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். மினாதோவின் தங்கை யோகோவுக்கும், அவனோடு தீயணைப்பில் வேலை பார்த்த இளைஞன் வசாபிக்கும் இவளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இந்தப் பகுதியைப் பலர் விசித்திரம் என்றும் வேடிக்கை என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் முதல்முறை தனியாகப் பார்த்தபோது எனக்கும் அது வெறும் விசித்திரமாகத்தான் பட்டது. இரண்டாம் முறை அக்காவோடு பார்த்தபோதுதான் அது என்ன என்று புரிந்தது.

அவள் செய்வது ஒரு சடங்கு.

நம் வீடுகளில் செம்பில் தண்ணீர் வைத்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, மந்திரம் சொல்லி அதற்குள் தெய்வத்தை வரவழைப்பார்கள். ஆவாகனம் என்பார்கள். சொல் வேண்டும், பாத்திரம் வேண்டும், பாத்திரத்துக்குள் தண்ணீர் வேண்டும். ஹினாகோவிடம் இருக்கும் ஒரே மந்திரம் அந்தப் பாட்டு. அவளிடம் இருக்கும் கலசம் அந்தப் பிளாஸ்டிக் பொம்மை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே உண்டாக்கிக்கொண்டாள். ஏன் உண்டாக்க வேண்டியிருந்தது என்றால், அவளுக்கென்று வேறு எந்தச் சடங்கும் கிடையாது.

ஜப்பானில் இறந்தவர்களோடு பேசுவதற்கு வழி இல்லாமல் இல்லை. பல வீடுகளில் புத்சுதான் என்ற சின்ன மாடம் இருக்கும். இறந்தவரின் படம், ஊதுபத்தி, ஒரு சின்ன மணி, ஒரு கிண்ணம் சோறு. காலையில் மணியைத் தட்டி, இன்று பரீட்சை, நேற்று மழை என்று சாதாரணமாகப் பேசுவார்கள். சாகும் தறுவாயில் இருப்பவரின் உதட்டைத் தண்ணீரால் நனைக்கும் வழக்கம் உண்டு. நாம் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் உண்டு. கோடையில் ஓபோன் என்ற பண்டிகை வரும்போது இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து சில நாள் இருந்துவிட்டுப் போவார்கள். பல ஊர்களில் அவர்களை வழியனுப்ப, விளக்கேற்றிய காகிதக் கூண்டுகளை ஆற்றிலும் கடலிலும் மிதக்க விடுவார்கள். தோரோ நாகாஷி என்று பெயர். தண்ணீர் வழியாகத்தான் போகிறார்கள். ஆக, மினாதோ தண்ணீரில் வந்ததும் தண்ணீர் வழியாகப் போவதும் யுவாசா வானத்திலிருந்து பறித்த கற்பனை இல்லை. அந்த ஊர் மண்ணில் இருப்பதுதான்.

ஆனால் அந்த மாடம் மினாதோவின் பெற்றோர் வீட்டில் இருக்கும். ஓபோனுக்கு அவன் வருவது அந்த வீட்டுக்கு. ஹினாகோ யார்? மனைவி இல்லை. நிச்சயம் செய்தவளும் இல்லை. சில மாதங்கள் காதலித்தவள். பத்தொன்பது வயது.

இங்கே மட்டும் என்ன. எள்ளும் தண்ணீரும் இறைக்க மகன் வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பங்காளிகள் வேண்டும். மாமன் மச்சான் யார் யார் என்ன முறை செய்ய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. காதலிக்கு அதில் எந்த இடமும் இல்லை. வீட்டுக்குத் தெரியாத காதலி என்றால் சாவு வீட்டு வாசலில் நிற்கக்கூட முடியாது. நின்றால் யார் இந்தப் பெண் என்று கேட்பார்கள்.

அக்கா நின்றிருக்கவில்லை. அவன் கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். பைக் விபத்து. செய்தி ஒரு தோழியின் போனில் வந்தபோது அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து விட்டாள். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அழுதாள். அன்றைக்கு மட்டுமில்லை. தினமும் காலையில் அப்பா அலுவலகம் போனதும், அம்மா சமையலறையில் இருக்கும்போது, வாளி நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடினாலும் குழாயை மூட மாட்டாள். மூடினால் சத்தம் வெளியே கேட்டுவிடும். குழாயில் காற்று வரும்வரைதான் அவளுக்கு நேரம். தண்ணீர் நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

பிளம்பர் வந்த அன்று ரொம்பப் பயந்துவிட்டாளாம். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாள். ஒரு மனிதனுக்காக அவளுக்குக் கிடைத்த துக்கம் எட்டு டேங்க் தண்ணீர். அதற்கும் அம்மா, யாரு இப்படித் தண்ணியைத் திறந்து விடுறது என்று திட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இன்றும் தெரியாது.

சரி, படத்துக்கு வருகிறேன்.

'ரைட் யுவர் வேவ்' எனக்கு ஏன் மற்ற சோகக் காதல் அனிமேக்களைவிட நெருக்கமானது என்றால், சாவு எப்போது வரும் என்று காத்திருக்க வைத்து அழ வைக்கும் வேலையை அது செய்வதில்லை. நோய், ஆஸ்பத்திரி ஜன்னல், கடைசிக் கடிதம் என்று நிறைய படங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் படத்தின் கடைசிப் பகுதியில்தான் ஒருவர் இறப்பார், மிச்சம் இருப்பவர் வானத்தைப் பார்ப்பார், முடிந்துவிடும். இந்தப் படத்தில் மினாதோ சீக்கிரமே போய்விடுகிறான். போன பிறகு திங்கள், செவ்வாய், புதன் என்று நாள்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது என்பதுதான் கதை.

குறைகள் இல்லாமல் இல்லை. சட்டவிரோதமாக வாணவேடிக்கை விடும் கும்பலைக் கதையின் இரு முனையிலும் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருப்பது செயற்கையாக இருக்கிறது. வசாபிக்கு ஹினாகோமேல் காதல், யோகோவுக்கு வசாபிமேல் காதல் என்ற சுற்று தேவையா என்று முதலில் தோன்றியது. பாட்டு எத்தனை முறை வருகிறது என்று எண்ணவே முடியாது. பாதிப் படத்தில் எனக்கு அது சலித்துவிட்டது. ஆனால் சலித்த பிறகும் அவள் அதைப் பாடும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பாட்டு நல்ல பாட்டா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நமக்குச் சலித்துப்போன மெட்டு அவளுக்குக் கதவின் சாவி. நம் வீட்டில் பாட்டி தினமும் சொல்லும் அதே நாலு வரி சுலோகத்தை நாம் எப்படிக் கேட்கிறோம், பாட்டி எப்படிச் சொல்கிறாள்? அந்த வித்தியாசம்தான்.

யுவாசா தண்ணீரை வரையும் விதத்தையும் சொல்ல வேண்டும். அனிமேயில் தண்ணீர் என்றாலே ஒவ்வொரு துளியும் வைரம் மாதிரி மின்னும்படி வரைவார்கள். இவர் தட்டையான நிறங்களில், மெல்லிய கோடுகளில் வரைகிறார். தண்ணீர் திரண்டு ஜெல்லி போல எழும்பும், கட்டியாக நகரும், ஓர் உயிர் மாதிரி குனிந்து பார்க்கும். இதற்கு இரண்டு வருடம் முன்னால், 2017இல், இதே யுவாசாவும் யோஷிதாவும் 'லூ ஓவர் தி வால்' என்ற படத்தில் பாட்டு கேட்டால் எழும்பும் தண்ணீரையும் ஒரு கடல்கன்னிச் சிறுமியையும் வைத்துக் கதை செய்திருந்தார்கள். அந்தப் படம் பிரான்ஸின் அனெசி அனிமேஷன் விழாவில் மிக உயர்ந்த விருதை வாங்கியது. அதில் தண்ணீர் கொண்டாட்டம். இதில் அதே தண்ணீருக்குள் ஒரு இறந்தவன் இருக்கிறான். ரெய்கோ யோஷிதா எழுதிய 'எ சைலன்ட் வாய்ஸ்' என்ற அனிமே படத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கை தெரியும். பெரிய வசனம் எழுத மாட்டார். ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகும் இடத்தைத்தான் எழுதுவார்.

ஜப்பானியர்களுக்குக் கடல் என்றால் என்ன என்று நினைக்காமல் இந்தப் படத்தின் உச்சக் காட்சியைப் பார்க்க முடியாது. 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமி வடகிழக்குக் கரையை அழித்தது. சிபா மாநிலக் கரையிலும், அசாஹி நகரின் இயோக்கா பகுதியில், அலை ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. வடக்கே இவாத்தே மாநிலத்தில் ஓத்சுச்சி என்று ஒரு ஊர். அங்கே இதாரு சசாகி என்ற தோட்டக்கலைஞர், 2010இல், தன் ஒன்றுவிட்ட சகோதரரின் சாவை ஒட்டி, தோட்டத்தில் ஒரு வெள்ளைத் தொலைபேசிக் கூண்டு வைத்தார். உள்ளே எண்ணைச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. எந்தக் கம்பியோடும் இணைப்பு இல்லை. காற்று தன் பேச்சைக் கொண்டுபோகட்டும் என்று வைத்தார். காற்றுத் தொலைபேசி என்று பெயர் வந்தது. சுனாமிக்குப் பிறகு மற்றவர்களும் வரட்டும் என்று திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். வீட்டு எண்ணைச் சுழற்றி, அந்த வீடே இப்போது இல்லை என்று தெரிந்தும், பேசினார்கள். பிள்ளையிடம், மனைவியிடம், அப்பாவிடம்.

அந்தக் கூண்டுக்குள் நிற்பவரை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. நாலு பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டி, இங்கே பேசலாம் என்று இடம் கொடுத்துவிட்டார்கள். ஹினாகோ அதே வேலையை நடுத்தெருவில், ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் செய்கிறாள். கூண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உச்சக் காட்சியில் அந்த வாணவேடிக்கைக் கும்பலைப் பிடிக்கப் போய், யோகோவும் ஹினாகோவும் ஒரு கைவிடப்பட்ட கட்டடத்துக்குள் தீயில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹினாகோ பாடுகிறாள். கடல் எழும்பி வருகிறது. கட்டடத்துக்குள் புகுந்து, மாடி மாடியாக ஏறித் தீயை அணைக்கிறது. உச்சியிலிருந்து அவள் அலையேறிக் கீழே இறங்குகிறாள். 2011ஐக் கண்ணால் கண்ட ஒரு நாட்டில், எட்டே வருடம் கழித்து, கட்டடத்துக்குள் ஏறும் கடலை இரக்கமுள்ளதாக வரைய ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். யுவாசா அதை நினைத்து வரைந்தாரா என்பது பற்றி நான் பேசவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மினாதோவை எடுத்துக்கொண்ட தண்ணீர் அவளைத் தூக்கிக் கரையில் வைக்கிறது. அதோடு அவன் போய்விடுகிறான். ஆவாகனம் செய்த தண்ணீரைக் கடைசியில் எங்காவது கொண்டுபோய் ஊற்றத்தானே வேண்டும்.

இங்கே முடித்திருந்தால் இது ஒரு நல்ல படமாக இருந்திருக்கும். முடிக்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ். சிபா நகரத் துறைமுகத்தில் போர்ட் டவர் என்று 125 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கோபுரம் இருக்கிறது. 1986இல் திறந்தார்கள். மாநிலத்தின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைத் தாண்டியதற்காகக் கட்டியது. கிறிஸ்துமஸ் பருவத்தில் கோபுரம் முழுக்க மர வடிவத்தில் விளக்குப் போடுவார்கள். ஹினாகோ அங்கே போகிறாள். இந்நேரம் அவள் தேறிவிட்டாள் என்று நாம் நினைக்கிறோம். உயிர்காக்கும் பயிற்சி எடுக்கத் தொடங்கிவிட்டாள், முகத்தில் தெளிவு வந்துவிட்டது. அப்போது ஒலிபெருக்கியில் ஒரு வாழ்த்துச் செய்தி வாசிக்கப்படுகிறது. போன வருடம், உயிரோடு இருந்தபோது, மினாதோ அவளுக்காக எழுதிக் கொடுத்தது. இனி வரும் வருடங்களிலும் உன்னோடு இருப்பேன் என்கிற மாதிரி ஒரு சாதாரண வாழ்த்து. வாசிப்பவருக்கு அவன் இறந்தது தெரியாது. சுற்றி நிற்கும் ஜோடிகளுக்கும் தெரியாது.

ஹினாகோ உடைந்துபோகிறாள். அது அழகான சினிமா அழுகை இல்லை. குழந்தை மாதிரி வாயைத் திறந்து, குனிந்து, மூச்சு விட முடியாமல் அழுகிறாள்.

ஒரு வருடம் முழுக்க அவள் தண்ணீரில் பார்த்த மினாதோ அவள் பாடினால் வந்தவன். ஒலிபெருக்கியில் வந்தவன் அவள் கூப்பிடாமல் வந்தவன். சாகப்போவது தெரியாமல் அடுத்த வருடத்தைப் பற்றித் திட்டம் போட்டுக்கொண்டிருந்த, நிஜமான இருபத்தொன்று வயதுப் பையன். அவனைத்தான் அவள் அப்போது இழக்கிறாள். நான் பார்த்த படங்களில் துக்கத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன காட்சி வேறு இல்லை. தேறிவிட்டோம் என்று நினைத்த பிறகு, நடுத்தெருவில், ஏதோ ஒரு பழைய தாளிலிருந்து, ஒரு மருந்துச் சீட்டிலிருந்து, ஒரு போன் குரலிலிருந்து அது வந்து அடிக்கும்.

அக்கா இந்தக் காட்சியில் எதுவும் பேசவில்லை. நான் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் கேட்டாள்:

"அந்தப் பொண்ணுக்கு அவன் தங்கச்சி இருந்தா, இல்ல?"

நான் தங்கச்சி கதையைத் தேவையில்லாத கிளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மேலே எழுதினேனே. அக்கா படம் முழுக்க யோகோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யோகோ வாய்த்துடுக்கு, எரிந்து விழுவாள், ஹினாகோவிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் அவளும் அதே ஆளைத்தான் இழந்திருக்கிறாள். ஹினாகோவை அவள் ஒரு தடவைகூட நீ யார் என்று கேட்பதில்லை. அவளோடு வந்து நிற்கிறாள். அவளிடம் அண்ணனைப் பற்றிப் பேசலாம். அவன் சின்ன வயதில் எப்படி இருந்தான், எதற்குப் பயந்தான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மினாதோவைச் சின்ன வயதில் கடலில் மூழ்காமல் காப்பாற்றியது ஹினாகோதான் என்பதும், அதனால்தான் அவன் பிறரைக் காப்பாற்றும் வேலைக்குப் போனான் என்பதும்கூட அவன் இறந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. தெரிந்த மனிதர்கள் அருகில் இருந்தால் இறந்தவனைப் பற்றி இன்னும் புதிதாகத் தெரிந்துகொள்ள முடியும்.

"எனக்கு அவன் வீட்டுல யாரையும் தெரியாது" என்றாள் அக்கா. "அவன் அம்மாவை ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு. அவன்கிட்ட இருந்த போட்டோவுல பார்த்த முகம். பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்க. எந்த பஸ்ஸுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. பஸ் வந்தது, அந்த அம்மா ஏறிப் போய்விட்டார். அக்கா அவளுடைய பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

அக்காவுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. நல்ல வேலையில் இருக்கிறாள். மாமா நல்லவர். ஒரு பெண் குழந்தை. அவள் வாழ்க்கையில் ஏதோ நின்றுபோய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அவள் எப்போதோ தன் அலையில் ஏறிவிட்டாள், யாரும் கரையில் நின்று கைதட்டாமலே. ஹினாகோ ஒரு வருடம் ஊர் முழுக்கப் பாடிக்கொண்டு சுற்றிய பிறகு செய்ததை, இவள் எட்டு நாளில், குளியலறைக்குள், குழாய்ச் சத்தத்துக்குள் செய்தாள்.

அன்றிரவு நேரம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளறையில் குழந்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் லேப்டாப்பை மூடினேன். அவன் பேர் என்னக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். ரொம்பச் சாதாரணமான பெயர். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு இருக்கும். அதை அவள் கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, மூன்றாம் முறையும் சொன்னாள்.